ஏப்ரன் ஒன்று

மேட்ரன் கேட்டார்: உன் ஏப்ரன் எங்கே?
கறை போகவில்லை, எறிந்துவிட்டேன் என்றேன்.
பாதி பொய்.

பொத்தோங் பாசிரில் மழை விடாத ராத்திரி.
சந்தனசாமி கொட்டகையில்
மிளகு என்கிற எருமை
மத்தியானத்திலிருந்து முக்கிக்கொண்டு கிடந்தது.
கால் தெரியவில்லை, நீர்க்குடம் தெரியவில்லை.
உள்ளே கைவிட்டுப் பார்த்த டாக்டர் அருளம்பலம்
ஈரத்துணி பிழிவதுபோல்
காற்றைப் பிழிந்து காட்டினார்:
கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது.

வயிற்றில் பலகை சாய்த்து
வீரமுத்து அதன்மேல் ஏறி நிற்க
கயிறு பிடித்துப் புரட்டினோம்.
ஒரு தடவை. இன்னொரு தடவை.
மூன்றாவதில் சேறு வழுக்கி
வீரமுத்துதான் புரண்டான்.

"வெட்டத்தான் வேணும்.
நீர் தியேட்டர் நர்ஸ்தானே,
கையைக் கழுவும்."

எங்கள் ஆஸ்பத்திரியில்
புருஷன் கையெழுத்து வேண்டும்.
இங்கே சந்தனசாமி கேட்டது ஒன்றுதான்:
அறுத்தால் பால் வருமா?
நான் கேட்டிருக்கிற கேள்விகளில்
அது ஒன்றும் மோசமில்லை.

மயிர் மழிக்கவே இரண்டு பிளேடு மழுங்கின.
மரத்துப்போன விலாவில் கத்தி இறங்கியது:
கறுப்பு, கொழுப்பின் வெள்ளை, பிறகு சிவப்பு.
டார்ச் வெளிச்சத்தில் ஆவி எழுந்தது.
மிளகு, திறந்த வயிற்றோடு,
அசைபோட்டது.

தோள்வரை நுழைத்து
ஒரு குளம்பைப் பற்றித் தூக்கினேன்.
கிடாரிக் கன்று. நாக்கு நீலம்.
தலைகீழாகத் தொங்கவிட்டோம்,
வைக்கோலால் மூக்கைக் கிளறினோம்,
வாயில் வாய் வைத்து
ஊதினேன், ஊதினேன்.
சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

தையல் முடிய மணி நாலு.
எழுந்து நின்ற மிளகு
என்னைப் பார்த்து வந்தது.
பனிநீர் ஊறிய என் ஏப்ரனை
நக்கத் தொடங்கியது,
சொரசொரவென்று, மார்பிலிருந்து கீழே,
திரும்ப மேலே, இடுப்பு முடிச்சைச் சுற்றி.
அசையவேண்டாம் என்றார் டாக்டர்.
வீரமுத்து மெதுவாகக் குந்தினான்.
மஞ்சளாக முதல் பீச்சு
தகர வாளியில் சத்தமிட்டது.

ஏப்ரனை அவிழ்த்துத்
தூணில் கட்டிவிட்டு வந்தேன்.

காலை ஏழுக்கு வேலை.
பஸ் இறங்கினால் பெயர்ப்பலகை:
கண்டாங் கெர்பாவ்.
எருமைத் தொழுவம் என்று
மலாய் தெரிந்த யாரும் சொல்வார்கள்.
பதினோரு வருடம் அதன்கீழ் நுழைந்திருக்கிறேன்.
அன்று கொஞ்சம் நின்றேன்.
உள்ளே கட்டிலுக்கு இருவர்,
பாயில் ஒருத்தி, என் வாசனைக்கு
முகம் சுளித்த ஜூனியர்.

சந்தனசாமி சொல்லியனுப்பினான்:
துவைக்காமல் வைத்திருக்கிறோம்,
அதைக் காட்டினால்தான் சுரக்கிறது.

மாதக் கடைசியில் சம்பளக் கவரின்மேல்
நீல மையில்:
ஏப்ரன் ஒன்று. பிடித்தம்
இரண்டு வெள்ளி எண்பது காசு.