உறை எண் நாற்பத்தொன்று

ஒட்டிய உறையைக் கிழிக்கும்வரை
முதுகு ஊசியா முழு மயக்கமா என்று
டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
கம்ப்யூட்டர் போட்ட சீட்டு.
பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டு வராந்தாவில்
சம்மதப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு
ஒச்சம்மாளிடம் அப்படித்தான் சொன்னேன்.
"பூக்கட்டிப் பாக்குற மாதிரியா?" என்றாள்.
யோசித்துப் பார்த்தால், ஆமாம்.
"அப்ப சாமி எடுக்கட்டும்."
மைப்பெட்டியை நான் திறக்குமுன்னே
பெருவிரல் நீண்டு வந்துவிட்டது.

உசிலம்பட்டிச் சந்தையில்
வெங்காய மூட்டையோடு மினிலாரியிலிருந்து இறங்கியபோது
கணுக்கால் இரண்டு பக்கமும் போயிற்று.
தகடு ஒன்று, திருகாணி ஏழு.
உறைக்குள் இருந்தது முதுகு ஊசி.

"எல்லாம் கேட்டுச்சு தெரியுமா?
துளை போடுற சத்தம், ஆசாரி பட்டறை தோத்துப்போகும்.
ஒத்தக்கடையில ஃப்ளாட்டு என்ன விலைன்னு
வெட்டுறவரு மயக்கம் குடுத்தவர்ட்ட கேக்குறாரு.
என் காலு அங்கிட்டு
அடுத்த வீட்டுக்காரி காலு மாதிரி கெடக்கு."
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆறு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம்.
கேட்பது என் சம்பளம்.
வலி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
"ரூவாய்க்கு ஆறணா" என்றாள்.
போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்,
மூன்றே முக்கால்.
படிவம் முழு எண்ணைத்தான் வாங்கும்.
நான்கு என்று எழுதினேன்.
பட்ட வலிக்கு மேலே ஒரு கால் வலி
என் கையால் அவள் கணக்கில் ஏறியது.

பன்னிரண்டு, துளசிராம், சாயப்பட்டறை, முழு மயக்கம்.
கண் விழித்ததும் கேட்டது
"அடுப்பை அணைச்சீங்களா?"
இருபத்தாறு, சிக்கந்தர், நெல்பேட்டை.
அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.
நேரில் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்,
திருப்பூர் என்றார்கள், பிறகு அதுவும் சரியாகத் தெரியாது என்றார்கள்.
"தொடர்பில் இல்லை" என்று ஒரு சொல் இருக்கிறது எங்களிடம்.
செத்தவரும் நம்பர் மாற்றியவரும்
அதற்குள் ஒன்றாக இருப்பார்கள்.

ஒரு வருடப் படிவத்தை வாசித்தேன்.
ஓட முடிகிறதா?
துள்ளிக் குதிக்க முடிகிறதா?
"நான் எதுக்குடி ஓடணும்?
குத்தவச்சு உக்கார முடியுதான்னு கேளு."
கேட்டேன், படிவத்தில் இல்லாததை.
முடியவில்லை.
மகன் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறான்.
வெங்காயக் குவியலுக்குப் பின்னால்
அதில் உட்கார்ந்தால்
யாரும் பேரம் பேச மாட்டேனென்கிறார்கள்.
விலை கேட்டுவிட்டு
பக்கத்துக் கடையில் குனிந்துவிடுகிறார்கள்.
"மொதலாளின்னு நெனச்சுக்கிறாங்க" என்று சிரித்தாள்.

ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
டாக்டர் எபனேசர் நல்லவர், அழிக்கவில்லை.
"ஓரத்தை எப்படிம்மா சராசரி எடுக்கிறது?"
என்று மட்டும் கேட்டார்.

நூற்றிப் பதினெட்டுப் பேர்.
இரண்டாம் அட்டவணை, நாலாவது வரி.
இரு குழுக்களுக்கும் இடையே
குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.
அந்தச் சராசரிக்குள் எங்கேயோ
என் நான்கு இருக்கிறது.
மூன்றே முக்கால் இல்லை.

முடிவைத் தெரிவிப்பது விதியில் இல்லை.
அவளே போன் செய்தாள், சந்தை நாளில்,
கூச்சலுக்கு நடுவே.
"பூவு என்ன சொல்லுச்சு?"
ரெண்டும் ஒண்ணுதானாம் என்றேன்.
கொஞ்ச நேரம் தராசுக் கல் விழும் சத்தம்.
"ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவா?
அப்ப கட்டுனவனைப் போய்க் கேளு"
என்றாள்.
யாருக்கோ, எனக்கில்லை,
"கிலோ முப்பத்திரண்டு" என்றாள்.