பார்க்காத சூடு

நிக்கொலோசியில், கதவை முழங்கையால் தள்ளி,
கல்லைச் சுமந்து வந்தான் சிரினோ.
"எங்கள் அடுப்படி இருந்த இடம் இது" என்றான்.
வீட்டை விழுங்கி இறுகிய எரிமலைக் குழம்பில்
அறுத்த பலகை.
"எலுமிச்சை வரை. சாப்பாட்டு மேசைக்கு."

ஒராத்சியா மஞ்சளைக் குழைத்தாள்.
அன்று பார்த்து எட்னா செருமியது;
ஈர மஞ்சளில் கறுப்புப் பொடி.
ஊதினாள். போனது போக
மூன்று பழங்களில் ஒட்டிக்கொண்டது.
துடைக்கப் போன கை, சற்று நின்று,
தூரிகையைக் கழுவப் போய்விட்டது.

சூளையில் கல்
இரண்டாம் முறை சிவந்தது.
ஆறும்போது மெருகு விரிசல் விட்டது,
டிக் டிக்கென்று, இரவெல்லாம்.

ஞாயிறு. கொதிக்கும் சட்டியோடு மனைவி
பிரிமணை தேடுகிறாள்.
"அப்படியே வை" என்கிறான் சிரினோ,
"இது பார்க்காத சூடா?"