ஒன்பது பேர், ஒரு குடை

மல்லாவி ஆஸ்பத்திரி வாசலில்
காலை ஆறு பத்துக்கு
மிஸ் சுகந்தினி எங்களை எண்ணினா:
தன்னைச் சேர்க்காமல் ஒன்பது பேர்,
ஒரு குடை,
பின்னால் வந்த நாயை எண்ணவில்லை.
திங்கள் கிளினிக்கின் சீனிக்காரர் நாங்கள்.
சனிக்கிழமைகளில் மைதானத்தைச் சுற்றுவோம்.
இன்றைக்கு மட்டும்
வவுனிக்குளக் கட்டு வரைக்கும்.

ஐப்பசி முதல் கிழமை.
இரவு பெய்த மழையில் புழுதி அடங்கிக் கிடந்தது.
விதைத்த வயல்களில் இன்னும் பச்சை இல்லை,
பச்சை வரப்போகிறதென்ற
ஒரு கதை மட்டும் அடிபட்டது.
வீதியோர மணலில் தம்பளப்பூச்சிகள்.
அல்பிரட், பாங்க் செக்கியூரிட்டி, ஐம்பத்தெட்டு வயசு,
குனிந்து ஒன்றை உள்ளங்கையில் ஏற்றினார்.
"ஆரிட்டையும் நெருப்புப்பெட்டி இருக்கோ?"
பிறகு வெட்கப்பட்டு
அதை மெல்ல இறக்கிவிட்டார்.

விமலேஸ்வரியின் போனுக்கு அடி எண்ணத் தெரியும்.
நூறு நூறாய்ச் சொல்லிக்கொண்டு வந்தா.
மூவாயிரத்து நானூறில்
கெங்காதரன் நின்றார்.
"காணும் பிள்ளை, எண்ணாதை.
எண்ணினால் கால் கனக்குது."
அவர் இந்த வீதியால் முந்தியும் நடந்தவர்,
வீட்டை ஒரு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு.
நாங்கள் எல்லாரும்தான்.
விளாத்தி இந்த முறை காய்க்குமோ என்று
கொஞ்சத் தூரம் கதைத்தோம்.

வெள்ளை வண்ணத்திகள் வீதியைக் கடந்தன,
ஒரு பாட்டம், இன்னொரு பாட்டம்,
எல்லாம் ஒரே பக்கமாய்,
எங்களைத் திரும்பியும் பாராமல்.

கட்டுக்கு ஏறும் வளைவில் முதலில் நாய் நின்றது.
பிறகு மிஸ்.
பாலை மரத்துக்குக் கீழே ஒரு தனியன்,
காது மட்டும் அசைந்தது.
விடுவதா வேண்டாமா என்று யோசித்தது,
யோசிக்க அதற்கு நேரம் இருந்தது.
பின்காலாலேயே நடந்து வந்து
நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பூட்டிய கட்டடத்தில்,
விறாந்தையில் குந்தினோம்.
மழையும் பிடித்துக்கொண்டது.

ஒன்றேகால் மணித்தியாலம்.

பசியில்தான் பைகள் திறந்தன.
முதலில் பத்மலோஜினியின் பயத்தம் பணியாரம்,
"சும்மா, மயக்கம் வந்தால் எண்டு."
கெங்காதரனிடம் எள்ளுருண்டை.
விமலேஸ்வரியின் பிளாஸ்கில்
கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி.
நான் மஸ்கெற்றைக் கடதாசியோடு நடுவில் வைத்தேன்.
மிஸ் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

தொதலை எடுக்க வழியில்லாமல்
அல்பிரட் முதலில் வெளியில் வைத்தது
ஒரு பொலித்தீன் உறை.
காணி உறுதி, மகளின் பிறப்புச் சான்றிதழ்,
பாங்க் புத்தகம்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
பத்மலோஜினி தன் பைக்குள் கைவிட்டு
தன்னுடையதைக் காட்டினா.
நீலப் பொலித்தீன், இரண்டு முடிச்சு.
பிறகு கெங்காதரன்.
பிறகு பின்வரிசையில் இரண்டு பேர்.
குளக்கட்டைப் பார்த்துவிட்டு
மத்தியானம் சோத்துக்குத் திரும்புகிற பயணம்.
என்னோடு ஆறு.
என் பையின் உள் பொக்கற்றில்
உறுதிக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டியும் இருந்தது,
அது நனையாமல் இன்னொரு உறை.
காலையில் அல்பிரட் கேட்டபோது
நான் வாய் திறக்கவில்லை.

மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயசு.
உறைகளைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா,
தொதலில் ஒரு துண்டு எடுத்தா.

யானை போனதை ஒருவரும் காணவில்லை.
மரத்தடியில் ஆவி பறக்கிற லத்தி மட்டும்.
கட்டில் ஏறினோம்.
குளத்தில் பாதித் தண்ணி,
மிச்சம் அக்கரைக்கு மேலே கறுத்து நின்றது.
விமலேஸ்வரி போனைத் தட்டித் தட்டிப் பார்த்தா.
தண்ணி போய்விட்டது அதற்குள்.
எத்தனை அடி என்று இனித் தெரியாது.
திரும்பி வர லான்ட்மாஸ்டர் ஒன்று கிடைத்தது,
நாயும் ஏறிக்கொண்டது.

திங்கட்கிழமை விரலில் குத்தினபோது
எனக்கு இருநூற்றுப் பதினொன்று.
மிஸ் கொப்பியில் எழுதினா.
அடுத்த ஆளைக் கூப்பிடமுதல்
குனிந்து, மெல்லக் கேட்டா:
"அந்தத் தொதல்
ஆற்றை வீட்டிலை கிண்டினது?"