ஆட்ட நிறுத்தம் – பிற

லீமாவில் பிற்பகல் மூன்றரை என்றால்
யூனியன் பிளேசில் அதிகாலை இரண்டு.
ஏழாம் மாடி. ஏசி பதினெட்டில்.
ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு ஆட்டம்,
காதில் எனக்கு விளங்காத ஸ்பானிய உற்சாகம்.

பந்தை யார் தொட்டது என்று எழுதுவது என் வேலை.
தொட்டவன், தொட்ட இடம், தொட்ட நொடி.
ஆட்டத்துக்கு இரண்டாயிரம் தொடுகை வரும்.
பந்து யாரிடமும் இல்லாத நேரத்துக்குச்
சம்பளம் உண்டு, விசை இல்லை.

பெப்ரவரியில் எனக்கு ஒதுக்கிய கழகம்
பெயரில் பாதி புனிதர், பாதி சுரங்கம்.
கோப்பில் மூன்றே எழுத்து.
கடலிலிருந்து மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் மேலே
அவர்களது மைதானம்.
முதல் இரவு பந்தின் வேகத்தைப் பார்த்து
கணினிக் கோளாறு என்று அறிக்கை அனுப்பினேன்.
தனுஷ்க சிரித்தான்:
‘அங்க காத்து மெலிசு மச்சான்.’

லீமாவிலிருந்து ஏறிவந்த பெரிய கழகத்துப் பையன்கள்
அறுபதாம் நிமிடத்தில் முழங்காலைப் பிடித்துக் குனிந்தார்கள்.
ஒருவன் மூலைக்கொடி அருகே வாந்தி எடுத்தான்.
நான் கிராண்ட்பாஸ்காரன்,
அரை மணி மழைக்கு வாசலில் கால்வாய் ஏறும் வீடு.
எனக்கும் மூச்சு வாங்கியது.

இலக்கம் மூன்று, இடது பின்வரிசை, சோக்கேவாங்கா.
முப்பத்தேழு வயது. கணுக்காலுக்குச் சுருண்ட காலுறை.
எறியுமுன் பந்தை வயிற்றில் துடைப்பான்,
மழையில்லாத நாளிலும்.
சட்டையில் அவன் பெயர்
ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வளைந்து முழுசாக இருந்தது.
சம்பளச் சீட்டில் என் பெயர்
பத்தாம் எழுத்தோடு நின்றுவிடுகிறது.
பரமகுருநாதனில் நாதன் இல்லை.

வெசாக் கிழமை.
கீழே தெருவெல்லாம் கூடுகள், வரிசையில் நின்று ஐஸ் பக்கெற் வாங்கும் சனம்.
மேலே அவர்களது மைதானத்துக்குள் ஒரு நாய் வந்தது.
நாலு நிமிடம் யாராலும் பிடிக்க முடியவில்லை.
விசை தேடினேன்.
நாய்க்கு இல்லை.
‘ஆட்ட நிறுத்தம் – பிற’ என்று போட்டேன்.

அங்கே ஒரு வருடத்தை இரண்டாக வெட்டி
தொடக்கம் என்றும் முடிவு என்றும் பெயர் வைக்கிறார்கள்.
தொடக்கத்தில் நாங்கள் கடைசி.
முடிவில் கடைசிக்கு முந்தியது.
கூட்டிப் பார்த்தால் கடைசி.
‘நாங்கள்’ என்று எப்போது எழுதத் தொடங்கினேன்,
தெரியாது.

ஆகஸ்ட்டில் ஒரு நாள்
விசில் ஊதியதும் பதினொரு பேரும் புல்லில் குந்தினார்கள்.
சம்பளம் வரவில்லையாம்.
எதிரணியும் பந்தைத் தொடாமல் நின்றது, முழுதாக ஒரு நிமிடம்.
ஆட்ட நிறுத்தம் – பிற.
எங்கள் ஓவர்டைம் யூனிலிருந்து நிலுவை.
இஃப்லால் என் திரையைப் பார்த்தான்.
நான் அவனுடையதைப் பார்த்தேன்.
அங்கே பின்லாந்து. ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர், கடைசி ஆட்டம்.
சமன் செய்தாலே தப்பியிருக்கலாம்.
தொண்ணூறாம் நிமிடத்தில் பூச்சியம் மூன்று.
தொண்ணூற்று மூன்றில் ஒரு மூலை உதை,
தலைகளின் நெரிசல், வலையில் பந்து.
யாரும் கொண்டாடவில்லை.
ஒரே கமரா. இருபது தரம் பின்னுக்கு ஓட்டினேன்.
அவன் தலைமயிரில் பட்டதா, மேலால் போனதா?
காற்று அங்கே மெலிசு.
எழுதினேன்:
தொடுகை, இலக்கம் மூன்று, தலை, கோல்.

ஆட்டம் முடிந்தும் கமரா நாற்பது நொடி விழித்திருந்தது.
அவன் பந்தைக் குனிந்து எடுத்து
வயிற்றில் துடைத்தான்.
விசைகள் பூட்டிவிட்டன.

நாலு இருபதுக்கு மேற்பார்வையிடமிருந்து பதில்:
தொடுகை நீக்கப்பட்டது. கோல், இலக்கம் ஒன்பது.
நன்றி.

இரண்டாம் பிரிவு எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

‘யாரு வென்ட?’ என்றான் இஃப்லால் படியிறங்கும்போது.
‘மூண்டுக்கு ஒண்டு’ என்றேன்.
அந்த ஒன்றைக் கொஞ்சம் அழுத்தி.

வெளியே மழை.
கிராண்ட்பாஸில் கால்வாய் ஏறிவிட்டதாம்.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
முதல் பஸ்ஸுக்கு நின்றேன்.