பதினொன்று

மூன்றும் மேசையில் நிற்கின்றன,
பழைய சாரம் விரித்து, எண்ணெய் துடைத்து.
நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்தவராம் விமலதாச,
சுடும் போட்டிகளுக்கும் போனவராம்.
கண்ணில் இப்போது வெண்படலம்.
விற்கிறார்.

நீலப் பிரஸ்ஸுக்குக் கழுத்து தானாய்ச் சுற்றும்.
ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டா தட்டில் விழும்,
மணிக்கு இருநூறு
என்கிறார், சிங்களத்தில் ஒருதரம்,
எனக்காகத் தமிழில் ஒருதரம்.
சிவப்புக்கு நாலு தலை, கையால் திருப்ப வேணும்.
மற்றது வெறும் இரும்பு.
நிறம் கழன்று, ஒற்றைத் தலையோடு,
விலை கேட்க வந்தவள் மாதிரி
ஓரமாய் நிற்கிறது.

"நாளைக்கு எத்தனை செய்வீங்க?"

நாளைக்கா?
பையிலிருந்து கொப்பியை எடுத்தேன்.
கார்த்திகை பத்து: ஒன்று, வானத்துக்கு.
கார்த்திகை பதின்மூன்று: இரண்டு, பன்றிக்கு. படவில்லை.
மார்கழி முழுக்க மழை.
தை நாலு: ஐந்து. வானம், வானம், வானம்,
மருதமரம் (கை நடுங்கிவிட்டது), வானம்.
தை பதினெட்டு, வெட்டுக்கு முதல் இரவு: மூன்று.
யானை திரும்பிப் பார்த்துவிட்டு
எங்கள் வரம்பிலேயே நடந்து போனது.

அவர் சிரித்தார்.
கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்
இன்னொருதரம் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

துவக்கு என் பேரில்.
என் மனுசனுக்கு மாலைக்கண்;
வெல்லாவெளியில் பொழுதுபட்டால்
அவர் வாசற்படியைக்கூடக் காலால்தான் தேடுவார்.
"ஆருக்கம்மா துவக்கு?"
கச்சேரியில் மூன்று மேசையிலும் கேட்டார்கள்.
மூன்று மேசையிலும் "எனக்கு" என்றேன்.
இந்தப் பிரஸ்ஸுக்கும் ஒரு கடிதம் வேண்டியிருந்தது.
அதற்குப் பதினாலு மாதம்.

தொண்ணூறில் ஒரு வெற்றுக்கோது
வளவுக்குள் கிடந்தாலே
வீட்டில் ஆம்பிளை மிஞ்சமாட்டான்.
ஆரோ சுட்டது, ஆரோ விட்டுப்போனது.
விடியமுன் கூட்டிப் பொறுக்கி
மலசலகூடக் குழியில் போட்டிருக்கிறேன்,
பன்னிரண்டு வயதில், இந்தக் கையால்.
இன்றைக்கு அதே கையில்
பால்மா ரின் நிறையக் கோது,
மேலே முத்திரை குத்திய கடிதம்.
மத்தியமுகாமில் சோதனைச்சாவடி நின்ற இடத்தில்
கோழிக்கடை.
ஆனாலும் பஸ் அதைத் தாண்டும்வரை
மடியை இறுக்கிப் பிடித்துத்தான் இருந்தேன்.

"நீலத்தை எடுங்க, குறைச்சுத் தாறன்."
நல்ல மனுசன். உண்மையாகவே குறைத்தார்.
ஆனால் மணிக்கு இருநூறு செய்கிற வீட்டில்
இருநூறுக்கும் ஒரு காரணம்
தேட வேண்டிவரும்.
எனக்கு வானத்தைச் சுட வேகம் எதற்கு?
ஒன்றைச் செய்து, துடைத்து,
கொப்பியில் எழுதி,
அடுத்ததுக்குள் தேத்தண்ணி ஆறிப்போகிற பிரஸ் போதும்.

இரும்பைக் காட்டினேன்.
ஆணி அடிக்கப் பாரமான மேசை இருக்கா என்றார்.
இருக்கிறது, மகள் படிக்கிற மேசை.
அதை அவரிடம் சொல்லவில்லை.
அவளிடம் எப்படிச் சொல்வது என்றும்
இன்னும் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சாக்கைத் தூக்கிப் பார்த்த
கொண்டக்டர் மூச்சு வாங்கினான்.
"என்னக்கா இது, இடியப்ப உரலா?"
"ஓம்."
"இவ்வளவு பாரமா! வீட்டில எத்தனை பேர்?"

பதினொன்று, என்றேன்.