வரம்புக்குள்

மூன்று மாதத்துக்கொரு முறை
லேபிலிருந்து ஒரு தாள் வரும்.
ம. பூமயில், எக்ஸ்ரே உதவியாளர்.
கதிர்வீச்சு அளவு: வரம்புக்குள்.

பூமயில் திருப்பூர் போய்
ஒன்றரை வருஷமாகிறது.
ஓவர்லாக் மிஷினில்
பனியனுக்குக் கை தைக்கிறாள்.
அவள் பேரில் இங்கே
கதிர் ஏறிக்கொண்டிருக்கிறது.

அட்டை தொங்குவது ஜெனிதாவின் கழுத்தில்.
புதுவயலிலிருந்து ஏழே முக்கால் டவுன் பஸ்.
முதல் நாள் நான்தான் சொன்னேன்:
"இப்போதைக்கு இதையே போட்டுக்கோ.
புதுசுக்கு எழுதணும், பணம் கட்டணும்."
இப்போதைக்கு என்பது
எங்கள் ஆபீசில் ரொம்ப நீளமான சொல்.

காரைக்குடி, செக்காலை ரோடு.
நாற்காலி மூன்று, டாக்டர் இரண்டு.
கல்யாண சீசனில்
மலேசியாவிலிருந்து வந்தவர்கள்
சீப்புச் சீடையைக் கடித்துவிட்டு
உடைந்த கேப்பைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு வருவார்கள்.
ஒரே நாளில் முழுவாய்ப் படம் பதினாலு.
தாடையை நிமிர்த்தி வைத்து
"அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு
கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள் ஜெனிதா.
அந்தக் கதவு சரியாகச் சாத்தாது.

வேலை செய்கிறவர்கள் பதினோரு பேர்.
ரிஜிஸ்டரில் ஒன்பது.
பத்து வந்தால் சட்டம் வந்துவிடும் என்கிறார் ஆடிட்டர்,
பத்து ஏதோ பாம்பு மாதிரி.
ஜெனிதாவும்
மஞ்சள் பை கட்டும் மாரிக்கண்ணுவும்
வவுச்சரில் வசிக்கிறார்கள்.
விலாசம்: இதர செலவு.

செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் வந்தது.
வெள்ளிக்கிழமை ஆய்வு.
ராத்திரி எட்டரை வரை ஃபைல் கட்டினேன்.
மஞ்சள் பை எடை, சிவப்புப் பை எடை,
ஸ்டெரிலைசர் ஓடிய நேரம்,
காமாலைத் தடுப்பூசி, மூன்று தவணை.
எழுத விட்டுப்போன நாட்களை
நான்கு வேறு வேறு பேனாவால் எழுதினேன்.
ஒரே மை என்றால் தெரிந்துவிடும்.
இது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை.

அப்போதுதான் ஜெனிதா
மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"அக்கா, எனக்கு மூணாவது மாசம்.
இனிமே அந்த ரூம் வேணாம்.
அப்புறம், பிரசவ லீவுன்னு ஒண்ணு இருக்காமே..."

இருக்கிறது.
அதற்கு எண்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும்.
அவள் செய்தது நானூற்றுச் சொச்சம்.
எழுத்தில் பூஜ்யம்.
கல்யாணமானால் கோயில் கணக்கில்
ஒரு புள்ளி ஏற்றிக்கொள்கிற சீமை இது.
பற்று எது வரவு எது என்று
பால்பல் விழுமுன்னே தெரிந்துவிடும் எங்களுக்கு.

லேப் தாளை மறுபடி எடுத்தேன்.
வரம்புக்குள்.
யாருக்கு வகுத்த வரம்பு?
திருப்பூரில் இருக்கிறவளுக்கா, இவளுக்கா,
விரல் நகம்கூட முளைக்காத
அந்த மூன்றாவது ஆளுக்கா?

காலையில் டாக்டர் வயிரவன்
கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
"சேர்ந்த தேதி இந்த மாசம் ஒண்ணுன்னு போட்டுடுங்க.
பொண்ணுக்குத் தனியா நான் ஏதாவது செய்றேன்."
நல்ல மனுஷர். நிஜமாகவே செய்வார்.
ஏதாவது.

வியாழன், பதினோரு மணி.
இந்தத் தடவை ஒரே பேனா.
பத்து: ஜெனிதா. சேர்ந்தது போன வருஷம் பங்குனி.
பதினொன்று: மாரிக்கண்ணு.
வயசு தெரியவில்லை, கேட்க வேண்டும்.
நாலு வருஷமாய்த் தினமும் பார்க்கிறேன்.

பிறகு லேபுக்கு ஒரு கடிதம்.
ஐயா, மேற்படி அட்டையில் பதிவான அளவு
மேற்படி நபருடையது அல்ல.
இந்தத் தவறு கவனக்குறைவால்
என்று எழுதி, அடித்தேன்.
என்னால்
என்று எழுதினேன்.

ஜெனிதா அட்டையைக் கழற்றி
என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
கவரில் போடும்போது
நாடாவில் இன்னும் வியர்வை ஈரம்.

டாக்டருக்குச் சொல்லவில்லை இன்னும்.
முதல் நாற்காலியில் யாருக்கோ
பல்லைக் குடைந்துகொண்டிருக்கிறார்.
மிஷின் சத்தம் நிற்கட்டும்.