பாலைக்காரன் துரை

ஊர் எதென்று கேட்ட விதானையிடம்
பாலிகரன் என்றிருக்கிறார்.
விதானையின் காதில் அது பாலைக்காரன் என்று விழுந்தது.
சுற்றிவர நின்றதும் பாலை மரந்தானே.
அன்றிலிருந்து அவர் பாலைக்காரன் துரை.
மற்றப் பெயர், டெர்மட் லூசியஸ் கின்செல்லா,
அயர்லாந்துப் பிரபு ஒருவரின் இரண்டாவது மகன்,
எங்களுக்குக் கிடைக்க நூற்று முப்பது வருடம் பிடித்தது.

வழக்கு இலக்கம் எல் 418, முல்லைத்தீவு.
எதிராளி வனத் திணைக்களம்.
ஈச்சங்கண்டலில் ஒருநாளும் ஊர் இருந்ததில்லை,
வர்த்தமானிப்படி அது காடு, என்கிறார்கள்.
இருந்தது என்று காட்ட எங்களிடம்
உடைந்த குளக்கட்டு, கிணற்று வளையம் ஒன்று,
சன்னம் ஏறிய வீரை மரம்,
பஸ் பிடித்து வந்த முப்பத்தொரு பேர்.
உறுதிகள் இல்லை.
அவை மாத்தளன் மணலுக்குள் பெட்டியோடு போயின.

சட்டத்தரணி எமில்டா அக்காவின் எழுதுவினைஞன் நான்.
கொழும்புச் சுவடிக்கூடத்தில் மூன்றாம் நாள்
பூச்சி தின்ற நாட்குறிப்பில் அவரைப் பிடித்தேன்.
1887 மாசி:
"ஈச்சங்கண்டல். வீடு ஒன்பது. குளம் ஒன்று, கட்டு கரைந்திருக்கிறது.
எல்லாருக்கும் காய்ச்சல்.
ஒரு பெண் தயிர் தந்தாள், காசு வாங்கவில்லை.
நெல்வரி நிலுவைக்கு இவர்களை எழுப்பச் சொல்கிறது மேலிடம்.
உழுகிறவனை எழுப்பினால் மிஞ்சுவது காடு."

நகல் ஒரு பக்கம் இருபது ரூபாய்.
இரண்டு எடுத்தேன், ஒன்று எனக்கு.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் மனுசனை மேலும் வாசித்தேன்.

பிறந்தது கிழங்கு அழுகிய பஞ்சத்தின் வாலில்,
அறுபது அறை வீட்டில்.
அண்ணன் குதிரையால் விழுந்து செத்த தந்தியை
வவுனியாவிலிருந்து ஒருவன் ஓடி வந்து கொடுத்தான்.
அடுத்த கப்பலில் பிரபுவாகப் போனார்.
லண்டன் பிரபுக்கள் சபையில் பதினேழு வருடம்.
பேசியது எட்டுத் தரம்,
அதில் ஐந்து ஆற்று மீனைப் பற்றி.
ஒருமுறை எங்கள் நெல்வரி கொடியது என்றார்.
கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர், ஒருவர் நித்திரை.
அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டுச் சட்டம் வந்த இரவு
எழுந்து
வேண்டாம் என்ற கதவால் நடந்தார்.
அந்த மாரியிலேயே பாலிகரனில்
வாடகை நிலுவைக்காகப் பதினான்கு குடியை எழுப்பினார்.
கூரை பிரித்து. பொலிசோடு.
கட்டளையின் அடியில் அதே கையெழுத்து,
வால் அதேபோல இடப்பக்கம் வளைகிறது.

இதையும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.
எமில்டா அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை.
"அவர் நல்லவரோ எண்டு கோடு கேட்காது.
ஒன்பது வீட்டை எண்ணினவரோ, அதைச் சொல்லு."

நாங்கள் சொல்லாததை அவர்கள் சொன்னார்கள்.
"தன் சொந்தக் குடிகளையே துரத்தியவர், கனம் நீதிபதி அவர்களே,
இவருடைய சொல்லை எப்படி நம்புவது?"
எங்களைத் துரத்த வந்த வாய் அது.
யாரோ பின்வாங்கில் செருமினார்கள்.

நகுலேஸ்வரி சாட்சிக் கூண்டில் ஏறினா.
"அந்தத் தயிர் எங்கட வீட்டுத் தயிர்" என்றா.
எப்படித் தெரியும்?
"காசு வாங்கேல்லை எண்டு எழுதிக் கிடக்கே."
நீதிபதி சிரிப்பை இருமலாக்கி
எழுத்தைத் திரும்பவும் பார்த்தார்,
இது ஒன்பதா, ஏழா?
தவணை ஆவணி ஆறு.

திரும்பும் பஸ்ஸில், நெடுங்கேணி தாண்டி,
நகுலேஸ்வரி என் பக்கம் குனிந்தா.
"தம்பி, அந்தப் பதினாலு வீடு,
அதை ஆராவது எண்ணி எழுதி வச்சிருக்கினமோ?"
எழுப்பினவர்தான் எண்ணினார், என்றேன்.
"எண்டாலும் கிடக்குதுதானே," என்றா,
பிறகு சீட்டைத் தொலைத்துவிட்டேனோ என்று
கைப்பையைக் கிண்டத் தொடங்கினா.